சீட்டா: கனடா–ஐரோப்பா வர்த்தக ஒப்பந்தம் பற்றி வியாபாரிகள் கேட்கும் கேள்விகள்

டொரன்டோ பக்கம் சிறு இறக்குமதியாளர்களுக்குச் சுங்கக் காகிதங்கள் பார்த்துக் கொடுப்பது என் வேலை. கடைக்காரர்கள், துணி வியாபாரிகள், சொந்தமாக ஏதாவது தொடங்க நினைக்கும் இளைஞர்கள் என்று பலரும் வருகிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

சீட்டா என்றால் என்ன?

கனடாவுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் இடையிலான விரிவான பொருளாதார, வர்த்தக ஒப்பந்தம். அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்துச் சொல்வதுதான் சீட்டா. பேச்சு 2009-இல் பிராகா உச்சி மாநாட்டில் தொடங்கியது. 2016 அக்டோபர் 30 அன்று பிரஸ்ஸல்ஸில் கையெழுத்தானது. 2017 செப்டம்பர் 21 முதல் நடப்பில் இருக்கிறது. அந்த ஒரே நாளில் இரு பக்கத்துச் சுங்கப் பட்டியல்களிலும் 98 சதவீத இனங்களுக்கு வரி நீங்கியது. மீதியில் பெரும்பகுதிக்கு 3, 5, 7 ஆண்டுகளில் படிப்படியாகக் குறைந்தது.

இது வரியோடு நிற்கும் ஒப்பந்தமும் இல்லை. அரசு டெண்டர், முதலீடு, சேவைத் தொழில், ஊழியர் பயணம், மருந்துக் காப்புரிமை, ஊர்ப் பெயர் சுமந்த உணவுப் பண்டங்கள் எல்லாம் உள்ளே உண்டு. பேச்சுவார்த்தை மேசையில் கனடாவின் மாகாணங்களும் உட்கார்ந்திருந்தன. டெண்டர்களில் பெரும் பணம் மாகாணங்கள், நகராட்சிகள் கையில் இருப்பதால் அவர்களும் வரவேண்டும் என்று ஐரோப்பா விடாப்பிடியாக நின்றது.

ஒரு எச்சரிக்கை: 2025 ஜூலையில் இந்தியாவும் பிரிட்டனும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்துக்கும் இதே பெயர்தான், இதே சுருக்கம்தான். இணையத்தில் தேடும்போது இரண்டும் கலந்து வரும். நான் இங்கே பேசுவது கனடா–ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தம் பற்றி மட்டும்.

எட்டு வருடம் தாண்டியும் "தற்காலிக நடைமுறை" என்றே சொல்கிறார்களே, ஏன்?

ஐரோப்பிய ஒன்றியத்தில் வெளிநாட்டு வணிகம் பிரஸ்ஸல்ஸின் அதிகாரம். ஆனால் முதலீட்டுப் பாதுகாப்பு போன்ற சில விஷயங்களில் உறுப்பு நாடுகளுக்கும் அதிகாரம் உண்டு. சீட்டாவில் இரண்டும் கலந்திருப்பதால் ஒவ்வொரு நாட்டின் நாடாளுமன்றமும் ஒப்புதல் தர வேண்டும். பெல்ஜியத்தில் அது போதாது, அங்கே பிராந்திய சபைகளும் சம்மதிக்க வேண்டும்.

2016 அக்டோபரில் அதுதான் வினையானது. பெல்ஜியத்தின் பிரெஞ்சு மொழிப் பிராந்தியமான வலோனியா ஏறக்குறைய 36 லட்சம் மக்கள் வாழும் இடம். அதன் முதல்வர் பால் மேக்னெட், முதலீட்டாளர் அரசின்மேல் வழக்குப் போடும் முதலீட்டு நீதிமன்றத்துக்கும் விவசாயப் பாதுகாப்புக்கும் தெளிவான உத்தரவாதம் இல்லாமல் கையெழுத்துப் போட அனுமதிக்க மாட்டோம் என்றார். ஒன்றியத்தின் 50 கோடி மக்களுக்கான ஒப்பந்தம் அங்கே நின்றுபோனது. கனடாவின் அப்போதைய வர்த்தக அமைச்சர் கிறிஸ்டியா ஃப்ரீலாண்ட் பேச்சு முறிந்து வலோனியாவின் தலைநகர் நாமூரிலிருந்து குரல் தழுதழுக்க வெளியே வந்த காட்சியை அன்று பலர் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். சில நாட்களில் விளக்க அறிக்கை ஒன்று எழுதிச் சேர்த்து, வலோனியாவின் சம்மதம் கிடைத்தது.

வலோனியாவைப் பலர் திட்டினார்கள். எனக்கு அந்தக் கோபம் இல்லை. மூன்றரைக் கோடிப் பேருடைய நாடு ஒன்றுக்குச் சந்தையைத் திறக்கும்போது, அதனால் பாதிக்கப்படக்கூடிய ஒரு சிறு பிராந்தியம் "எழுத்தில் காட்டு" என்று கேட்பது நியாயம்தான்.

ஐரோப்பிய நாடாளுமன்றம் 2017 பிப்ரவரி 15 அன்று 408-க்கு 254 என்ற கணக்கில் ஒப்புதல் தந்தது. அதன்பின் நாடு நாடாக நகர்கிறது. 2024 நிலவரப்படி 27-இல் 17 நாடுகள் முடித்திருந்தன. பிரான்ஸ், இத்தாலி, போலந்து, அயர்லாந்து, பெல்ஜியம் உள்ளிட்ட 10 நாடுகள் பாக்கி. சைப்ரஸ் நாடாளுமன்றம் 2020-இல் நிராகரித்தது. அயர்லாந்தின் உச்ச நீதிமன்றம் 2022 நவம்பரில், உள்நாட்டுச் சட்டத்தைத் திருத்தாமல் ஒப்புதல் தர முடியாது என்றது. பிரெஞ்சு செனட் 2024 மார்ச்சில் பெரும்பான்மையோடு தள்ளுபடி செய்தது.

அப்படியானால் ஒப்பந்தம் செத்துப்போகாதா? போகாது. ஒரு நாட்டு அரசு "எங்களால் இனி ஒப்புதல் தரவே முடியாது" என்று பிரஸ்ஸல்ஸுக்கு முறைப்படி அறிவித்தால்தான் சிக்கல். சைப்ரஸ் உட்பட யாரும் அப்படி அறிவிக்கவில்லை. எனவே வரிச் சலுகை முழு பலத்தோடு ஓடுகிறது. நடப்புக்கு வராமல் நிற்பது முக்கியமாக முதலீட்டுப் பாதுகாப்புப் பகுதி.

வரி இல்லை என்றார்கள். ஆனால் என் சரக்குக்கு வரி போட்டார்களே?

இதுதான் என்னிடம் அதிகம் வரும் கேள்வி. வயிற்றெரிச்சலோடு வரும் கேள்வியும் இதுதான்.

ஒரு வாடிக்கையாளர் போர்ச்சுகலிலிருந்து தோல் காலணி இறக்கினார். சரக்கின் மதிப்பு 20,000 கனடிய டாலர். சாதாரண வரி 18 சதவீதம், அதாவது 3,600 டாலர். சீட்டாவில் பூஜ்யம். அவர் அதை நம்பி விலை போட்டுவிட்டார். சரக்கு வந்ததும் 3,600 டாலர் கட்டச் சொன்னார்கள். இன்வாய்ஸை என்னிடம் நீட்டினார். விலை, எடை, அளவு, "போர்ச்சுகலில் தயாரிக்கப்பட்டது" எல்லாம் இருந்தது. பிறப்பிட அறிவிப்பு மட்டும் இல்லை.

சீட்டா சலுகை தானாக வந்து விழுவதில்லை, கேட்டுத்தான் வாங்க வேண்டும். கேட்பதற்கான காகிதம் அந்த அறிவிப்பு. அது ஒரே ஒரு வாக்கியம்: இந்தப் பொருள்கள் சலுகைக்குரிய பிறப்பிடம் கொண்டவை என்று ஏற்றுமதியாளர் உறுதி சொல்கிறார். ஒப்பந்தத்தின் இணைப்பில் அந்த வாசகம் அச்சடித்தபடி இருக்கிறது. அதை நம் இஷ்டத்துக்கு மாற்றி எழுதக்கூடாது. இன்வாய்ஸிலோ சரக்கை விவரிக்கும் வேறு வணிகக் காகிதத்திலோ எழுதலாம். தனிச் சான்றிதழ், முத்திரை, தூதரகக் கையெழுத்து எதுவும் வேண்டாம். வெறுமனே "மேட் இன் போர்ச்சுகல்" என்று எழுதினால் அது அறிவிப்பு ஆகாது.

ஐரோப்பாவிலிருந்து வரும் சரக்கு 6,000 யூரோவுக்கு மேல் என்றால், அனுப்புகிறவர் ரெக்ஸ் என்ற ஏற்றுமதியாளர் பதிவேட்டில் பெயர் பதிந்து, அந்த எண்ணை அறிவிப்பில் சேர்க்க வேண்டும். பதிவு செய்வது பெரிய வேலை இல்லை. ஆனால் பல சிறு தொழிற்கூடங்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

என் வாடிக்கையாளரின் கதை நல்லபடி முடிந்தது. விற்றவரிடமிருந்து அறிவிப்பை வாங்கி, வரியைத் திரும்பக் கேட்டு விண்ணப்பித்தோம். பணம் வந்தது. ஆனால் மாதங்கள் ஆயின. சிறு கடைக்கு 3,600 டாலர் மாதக்கணக்கில் முடங்குவது எப்படிப்பட்ட அவதி என்று எனக்குத் தெரியும். பெரிய நிறுவனத்தில் இதற்கென்று ஒரு துறையே இருக்கும். சிறியவரிடம் அவரும் அவர் மனைவியும் மட்டும். ஒப்பந்தத்தின் பலன் யாருக்குப் போய்ச் சேருகிறது என்பதை இந்த ஒற்றை வாக்கியம் தீர்மானித்துவிடுவது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

பாரிஸிலிருந்து நம் சாமான் எடுத்தால் சலுகை உண்டா?

பாரிஸின் லா ஷபேலில் மொத்த வியாபாரம் செய்யும் உறவினர் மூலம் டொரன்டோவுக்குச் சரக்கு எடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். எடுக்கலாம். ஆனால் சீட்டா சலுகை பெரும்பாலும் கிடைக்காது.

சலுகை, பொருள் எங்கிருந்து கப்பலேறியது என்பதைப் பார்ப்பதில்லை. எங்கே உருவானது என்பதைப் பார்க்கிறது. இலங்கையில் அரைத்து வறுத்த இடியப்ப மா பிரான்ஸில் மூட்டையிலிருந்து ஒரு கிலோ பைக்கு மாறி, பிரெஞ்சு லேபிள் ஒட்டி வந்தாலும் அது இலங்கைப் பொருள்தான். பொட்டலம் கட்டுவது, லேபிள் ஒட்டுவது, தரம் பிரிப்பது போன்ற வேலைகள் பிறப்பிடத்தை மாற்றாது என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. அந்த மாவுக்கு வேறு ஏதாவது சலுகையில் வரி குறையலாம். அது வேறு கணக்கு, வேறு காகிதம்.

துணியில் விதி இன்னும் இறுக்கம். திருப்பூரில் பின்னிய துணியை வாங்கி, போர்ச்சுகலில் வெட்டித் தைத்து, பனியனாகக் கனடாவுக்கு அனுப்பினால் பொது விதிப்படி அது ஐரோப்பியப் பொருள் ஆகாது. பின்னுவது, வெட்டித் தைப்பது இரண்டும் இந்த ஒப்பந்தப் பகுதிக்குள் நடக்க வேண்டும். விதிவிலக்காகச் சில கோட்டாக்கள் உண்டு, அவற்றுக்கு அளவு வரம்பு இருக்கிறது.

காரில் கதை தலைகீழ். ஒன்டாரியோவில் அசெம்பிள் ஆகும் கார்களில் அமெரிக்க, மெக்சிகோ உதிரிகள் ஏராளம். சாதாரண விதிப்படி பார்த்தால் பல மாடல்கள் "கனடிய கார்" என்ற தகுதியை இழந்துவிடும். அதனால் ஆண்டுக்கு 100,000 வண்டிகளுக்குத் தளர்ந்த விதி ஒன்றைக் கனடா கேட்டு வாங்கியது. ஐரோப்பாவின் 10 சதவீத கார் வரியும் கனடாவின் 6.1 சதவீத வரியும் 7 ஆண்டுகளில் படிப்படியாகப் பூஜ்யம் ஆகின.

வழியில் வேறு நாட்டுத் துறைமுகத்தில் இறங்கி ஏறினால் பரவாயில்லை. ஆனால் அங்கே சுங்கக் கண்காணிப்பிலேயே இருந்ததற்கு ஆதாரம் வேண்டும். நியூயார்க் வழியாகச் சரக்கு எடுப்பவர்கள் கப்பல் காகிதங்களைக் கவனமாக வைத்திருங்கள்.

சீஸ் விவகாரம் ஏன் இவ்வளவு பெரிதானது?

கனடாவில் பால், கோழி, முட்டை மூன்றும் உற்பத்திக் கட்டுப்பாட்டு முறையில் நடக்கின்றன. ஒரு பண்ணை எவ்வளவு பால் கறந்து விற்கலாம் என்பதற்குக் கோட்டா உண்டு. விலை நிலையாக இருக்கும், விவசாயியின் வருமானமும் நிலையாக இருக்கும். ஆனால் வெளிநாட்டுச் சரக்கு உள்ளே வந்தால் இந்த முறை உடைந்துவிடும். அதனால் கோட்டாவுக்கு மேல் வரும் சீஸுக்கு 245.5 சதவீத வரி. 10 டாலர் சீஸ் 34 டாலரைத் தாண்டும்.

சீட்டாவில் கனடா கொஞ்சம் விட்டுக்கொடுத்தது. ஐரோப்பாவிலிருந்து ஆண்டுக்கு 17,700 டன் சீஸ் வரியின்றி வரலாம். அதில் 16,000 டன் நல்ல ரகச் சீஸ், மீதி தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கு. இது சில ஆண்டுகளில் படிப்படியாக ஏறியது.

அடுத்த சண்டை, அந்த இறக்குமதி உரிமத்தை யாருக்குக் கொடுப்பது என்பதில் வந்தது. 245 சதவீத வரி இல்லாமல் சீஸ் கொண்டுவரும் உரிமம் என்றால் அது கையில் பணம் மாதிரி. கடைக்காரர்களும் இறக்குமதியாளர்களும் தங்களுக்கே வேண்டும் என்றார்கள். கனடா அரசு பாதியை உள்ளூர் சீஸ் தயாரிப்பாளர்களுக்குக் கொடுத்தது. "எங்கள் சீஸோடு போட்டி போடுகிறவரிடமே வாசல் சாவியைக் கொடுத்தால் எப்படி?" என்று ஐரோப்பா கோபப்பட்டது. 2017 ஜூலை 1-இல் தொடங்க வேண்டிய ஒப்பந்தம் செப்டம்பர் 21-க்குத் தள்ளிப்போனதில் இந்தத் தகராறுக்கும் பங்கு உண்டு.

பால் பண்ணையாளர்களுக்கு இழப்பீடு தனி. சீட்டாவும் பசிபிக் நாடுகளுடனான ஒப்பந்தமும் சேர்ந்து ஏற்படுத்தும் இழப்புக்காக 175 கோடி டாலரை 8 ஆண்டுகளில் தருவதாக 2019-இல் அறிவித்தார்கள். இனி எந்த வர்த்தகப் பேச்சிலும் இந்தத் துறையைத் தொடக்கூடாது என்று 2025 ஜூனில் சட்டமே வந்துவிட்டது. எனவே "அடுத்த சுற்றில் சீஸ் கோட்டா கூடும்" என்று நம்பி யாராவது குளிர்பதனக் கிடங்கு கட்டச் சொன்னால், பணம் போடுவதற்கு முன் இதை நினைத்துப் பாருங்கள்.

கனடாவின் மாட்டிறைச்சிக்கு ஐரோப்பா திறந்துவிட்டதா?

தாளில் திறந்தது. ஏறக்குறைய 50,000 டன் வரியில்லா ஒதுக்கீடு. ஆனால் வளர்ச்சி ஹார்மோன் கொடுத்த மாட்டின் இறைச்சியை ஐரோப்பா 1980-களின் கடைசியிலிருந்தே அனுமதிப்பதில்லை. சீட்டாவும் அந்தத் தடையை மாற்றவில்லை. ஹார்மோன் இல்லாமல், பிறந்த நாளிலிருந்து தனிக் கணக்கு வைத்து மாடு வளர்ப்பது கூடுதல் செலவு. ஐரோப்பாவுக்குப் போவது சில துண்டுகள்தான், மீதி மாட்டை உள்ளூரில் சாதாரண விலைக்கே விற்க வேண்டும். கணக்கு கட்டவில்லை. ஒதுக்கீட்டில் மிகச் சிறு பங்கே பயன்பட்டது. பிரெஞ்சு விவசாயிகள் பயந்த இறைச்சி வெள்ளம் வரவே இல்லை.

ஒரு நாட்டுச் சந்தையைப் பூட்டிவைப்பது சில நேரம் வரி இல்லை, தர விதிதான் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அப்படியானால் உண்மையாக லாபம் பார்த்த கனடியப் பண்டம் எது?

சிங்கி இறால். நோவா ஸ்கோஷியா கடலில் பிடித்து, உயிரோடு பெட்டியில் அடுக்கி, ஹாலிஃபாக்ஸிலிருந்து விமானத்தில் ஐரோப்பா போகும். முன்பு 8 சதவீத வரி. சீட்டா தொடங்கிய நாளே அது பூஜ்யம்.

இதே இனம் எல்லைக்கு அப்பால் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்திலும் பிடிபடுகிறது. அதே கடல், அதே இறால். மெய்ன் மீனவருக்கு மட்டும் அந்த 8 சதவீதம் தொடர்ந்தது. ஐரோப்பிய வாங்குநர் யாரிடம் போவார்? மெய்னின் ஐரோப்பிய வியாபாரம் சரிந்தது. அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே பெரிய ஒப்பந்தப் பேச்சு 2013-இல் தொடங்கி 2016-இல் உறைந்துபோயிருந்தது. கடைசியில் 2020 ஆகஸ்டில் சிங்கி இறாலை முன்னிறுத்தி ஒரு குட்டி ஒப்பந்தம் போட்டு அந்த வரியை நீக்கினார்கள். மூன்றே வருட முன்னிலைதான் கனடாவுக்குக் கிடைத்தது. அதற்குள் பிடித்த வாடிக்கையாளர்கள் லாபம்.

ஊர்ப் பெயர் வைத்த பண்டங்கள் விற்பதில் கட்டுப்பாடு உண்டாமே?

உண்டு. 143 ஐரோப்பியப் பெயர்களுக்குக் கனடா பாதுகாப்பு தந்தது. நம்மூரில் மதுரை மல்லிக்கும் பழனி பஞ்சாமிர்தத்துக்கும் புவிசார் குறியீடு இருப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தாலியின் பார்மா ஊர்ப் பன்றித் தொடைக் கதை விசித்திரமானது. கனடாவில் "பார்மா" என்ற பெயரை ஓர் உள்ளூர் இறைச்சி நிறுவனம் பல பத்தாண்டுகளுக்கு முன்பே வணிகச் சின்னமாகப் பதிவு செய்துவிட்டது. அதனால் உண்மையான பார்மாக்காரர்கள் தங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லி விற்க முடியாமல், "ஒரிஜினல்" என்ற பொதுப்பெயரில் விற்றுக்கொண்டிருந்தார்கள். சீட்டாவுக்குப் பிறகு இரண்டு பெயரும் பக்கத்துப் பக்கத்தில் விற்கலாம் என்றானது. ஃபெட்டா சீஸில் வேறு சமரசம்: 2013 அக்டோபர் 18-க்கு முன்பே அந்தப் பெயரில் விற்றவர் தொடரலாம், புதிதாக வருகிறவர் "ஃபெட்டா பாணி" என்றுதான் எழுத வேண்டும். கடை தொடங்கிச் சொந்த லேபிள் போட நினைப்பவர்கள் பட்டியலைப் பார்த்துவிட்டு அச்சடியுங்கள்.

முதலீட்டாளருக்கு இதில் என்ன இருக்கிறது?

இரண்டு பகுதியாகப் பிரித்துப் பாருங்கள்: உள்ளே வருவது, வந்தபின் பாதுகாப்பு.

உள்ளே வருவது நடப்பில் இருக்கிறது. ஐரோப்பிய நிறுவனம் ஒன்று கனடிய நிறுவனத்தை வாங்கினால், அதன் மதிப்பு குறிப்பிட்ட வரம்பைத் தாண்டும்போது "இது நாட்டுக்கு நன்மையா" என்று அரசு ஆய்வு செய்யும். அந்த வரம்பை 2017-இல் ஐரோப்பிய ஒன்றியத் தனியார் முதலீட்டாளர்களுக்கு 150 கோடி டாலராக உயர்த்தினார்கள். பொது வரம்பு அப்போது 100 கோடி டாலர்தான். கனடாவோடு ஒப்பந்தம் வைத்திருந்த அமெரிக்கா, மெக்சிகோ போன்ற நாடுகளுக்கும் இதே உயர்வு கிடைத்தது. தேசியப் பாதுகாப்புக் காரணம் காட்டி எந்த அளவு முதலீட்டையும் ஆய்வு செய்யும் அதிகாரம் மட்டும் அப்படியே இருக்கிறது.

வந்தபின் பாதுகாப்பு என்பது, அரசு உங்கள் சொத்தைப் பறித்தாலோ நியாயமில்லாமல் நடத்தினாலோ எங்கே வழக்குப் போடுவது என்பது. பழைய முறையில் இரு தரப்பும் ஆளுக்கொரு நடுவரை வைத்து, மூடிய அறையில் தீர்ப்பு. அதன்மேல் மக்களுக்கு நம்பிக்கை போனதற்குக் காரணம் உண்டு. அமெரிக்கா, மெக்சிகோவுடனான பழைய நாஃப்டா ஒப்பந்தத்தில் கனடாவே 1990-களில் அடிபட்டது. பெட்ரோலில் கலக்கும் ஒரு ரசாயனத்தைத் தடுத்ததற்காக அமெரிக்க நிறுவனம் வழக்குப் போட, கனடா 1.3 கோடி அமெரிக்க டாலர் கொடுத்துச் சமரசம் செய்தது.

சீட்டா அதற்குப் பதிலாக நிரந்தர நீதிமன்றம் போன்ற ஒன்றை வைத்தது. 15 உறுப்பினர்கள்: ஐரோப்பா 5, கனடா 5, மற்ற நாட்டார் 5. மேல்முறையீடும் உண்டு. ஐரோப்பிய நீதிமன்றம் 2019 ஏப்ரலில் இது ஒன்றியச் சட்டத்துக்கு முரண் இல்லை என்றது. ஆனால் எல்லா நாடும் ஒப்புதல் தரும்வரை இந்த நீதிமன்றம் வேலை செய்யாது.

அதுவரை? கனடாவுக்கும் சில ஐரோப்பிய நாடுகளுக்கும் இடையிலான 8 பழைய முதலீட்டு ஒப்பந்தங்கள் உயிரோடு இருக்கின்றன. ருமேனியாவின் ரோசியா மொன்டானா கிராமத்தில் தங்கச் சுரங்கம் தோண்ட அனுமதி கிடைக்காத கனடிய நிறுவனம், அப்படிப்பட்ட பழைய ஒப்பந்தத்தின் கீழ்தான் 300 கோடி அமெரிக்க டாலருக்கும் மேல் கேட்டு வழக்குப் போட்டது. 2024 மார்ச்சில் வழக்கு தள்ளுபடியானது. அந்த ஊர் மக்கள் வருடக்கணக்கில் எதிர்த்துப் போராடிய சுரங்கம் அது. பழைய முறையைவிடச் சீட்டாவின் முறை மேல் என்றே நான் நினைக்கிறேன். எதிர்ப்பவர்கள் புதியதைத் தடுப்பதால் பழையது தொடர்கிறது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

நகராட்சி டெண்டர்களில் ஐரோப்பிய நிறுவனம் போட்டியிடலாமா?

ஒரு தொகைக்கு மேல் போனால் போட்டியிடலாம். மாகாணம், நகராட்சி, பள்ளி வாரியம், மருத்துவமனை எல்லாம் இதில் அடங்கும். ஒன்டாரியோவும் கியூபெக்கும் பேருந்து, ரயில் பெட்டி வாங்கும்போது 25 சதவீதம் கனடியப் பங்கு வேண்டும் என்று கேட்கலாம், அந்த விலக்கை வைத்துக்கொண்டார்கள். எதிர்த்திசையில் ஐரோப்பிய டெண்டரில் கனடியரும் நுழையலாம். ஆனால் அந்த நாட்டு மொழியில் ஆவணம் தயாரிக்க ஆள் வேண்டும்.

என் ஊழியரை அங்கே அனுப்பி வேலை செய்ய வைக்கலாமா?

கம்பெனிக்குள் மாற்றலாகும் மேலாளர், நிபுணர்களுக்கு 3 ஆண்டு வரை வழி உண்டு. ஒப்பந்த வேலைக்குப் போகும் சேவைத் தொழிலாளருக்கும் குறுகிய காலத்துக்கு உண்டு. இது குடியேற்ற வழி இல்லை. யாராவது "சீட்டா விசா, குடும்பத்தோடு போய்த் தங்கலாம்" என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

மருந்து விலை கூடுமா?

புது மருந்துகளின் காப்புரிமையைக் கனடா சில நிபந்தனைகளோடு 2 ஆண்டு வரை நீட்டித்தது. அந்த மருந்துகளின் மலிவான பொது வகை அந்த அளவு தாமதமாக வரும். மாகாண மருந்துத் திட்டங்களுக்கும் நோயாளிகளுக்கும் அது செலவுதான். இந்த ஒப்பந்தத்தில் எனக்கு மனம் ஒப்பாத பகுதி இது.

பிரிட்டனிலிருந்து வரும் சரக்குக்கு?

பிரிட்டன் ஒன்றியத்தை விட்டுப் போனபின் சீட்டா பொருந்தாது. 2021 ஏப்ரல் 1 முதல் தனித் தொடர்ச்சி ஒப்பந்தம் நடக்கிறது, பெரும்பாலும் சீட்டாவின் நகல். சீஸில் மட்டும் தகராறு: ஐரோப்பியக் கோட்டாவில் பிரிட்டனுக்குக் கொடுத்த தற்காலிக இடம் 2023 முடிவோடு போனது. 2024 ஜனவரியில் புது ஒப்பந்தப் பேச்சை பிரிட்டன் நிறுத்தி வைத்தது. லண்டனிலிருந்து வரும் இன்வாய்ஸில் சீட்டா அறிவிப்பு வாசகம் இருந்தால் திருப்பி அனுப்பி, சரியானதை வாங்குங்கள்.

இத்தனைக்கும் வியாபாரம் உண்மையில் கூடியதா?

கூடியது. ஒன்றியத்துக்கும் கனடாவுக்கும் இடையே சரக்கு வணிகம் 2016-ஐ ஒப்பிட்டால் மதிப்பில் பாதிக்கும் மேல் உயர்ந்திருக்கிறது. ஆனால் முழுப் பெருமையையும் சீட்டாவுக்குக் கொடுக்க முடியாது. விலைவாசி ஏறியது. உக்ரைன் போருக்குப் பின் ஐரோப்பா வேறிடங்களில் எண்ணெய் தேடியது, கனடாவிலிருந்தும் வாங்கியது. கச்சா எண்ணெய்க்கு முன்பே வரி இல்லை, அதற்கு ஒப்பந்தம் தேவையே இல்லை. சீட்டாவின் கைவரிசையைப் பார்க்க வேண்டுமானால் காலணி, ஆடை, மீன் என்று முன்பு வரி அதிகமாக இருந்த இனங்களில் பாருங்கள்.

2025-இல் அமெரிக்கா கனடிய எஃகு, அலுமினியம், கார் என்று வரி போட்டபின் என்னிடம் ஐரோப்பா பற்றிக் கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். கனடாவின் ஏற்றுமதியில் முக்கால்வாசி அமெரிக்காவுக்கே போய்க்கொண்டிருந்த நாடு இது. லாரியில் ஒரே நாளில் பஃபலோ போய்ச் சேரும் சரக்கை ஆன்ட்வெர்ப்புக்குக் கப்பலில் அனுப்புவது வேறு தொழில். காலம், காப்பீடு, நாணய மாற்று எல்லாம் மாறும். ஆனாலும் ஒரு கையெழுத்தில் வரி மாறாது என்ற உறுதி ஐரோப்பியப் பக்கம் இருக்கிறது. முதலீடு செய்கிறவருக்கு அந்த உறுதிதான் 6 சதவீத வரிக் குறைப்பைவிடப் பெரியது. ஐந்து வருடக் கடனில் இயந்திரம் வாங்குகிறவரைக் கேட்டுப்பாருங்கள், அவர் சொல்வார்.

நான் சிறியவன். எங்கே தொடங்குவது?

முதலில் உங்கள் பொருளின் எச்.எஸ். எண்ணை, அதாவது சுங்கம் அந்த வகைப் பொருளுக்குத் தரும் வகைப்பாட்டு எண்ணை, கண்டுபிடியுங்கள். அது தவறினால் பின்னால் வரும் எல்லாம் தவறும். பிறகு கனடா டேரிஃப் ஃபைண்டர் என்ற இலவச அரசுத் தளத்தில் சாதாரண வரியையும் சீட்டா வரியையும் ஒப்பிடுங்கள். ஐரோப்பியப் பக்கத்துக்கு ஆக்சஸ்2மார்க்கெட்ஸ் தளம். சாதாரண வரியே பூஜ்யம் என்றால் சீட்டா காகிதத்துக்காக அலைய வேண்டாம்.

வித்தியாசம் பெரிதாக இருந்தால், விற்பவரிடம் ஆர்டருக்கு முன்பே இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்தப் பொருள் பிறப்பிட விதிக்குள் வருகிறதா, உங்களிடம் ரெக்ஸ் எண் இருக்கிறதா. பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள், தொலைபேசியில் சொன்னது காகிதம் ஆகாது. ஒரே பொருளை அடிக்கடி எடுப்பவர்கள் 12 மாதத்துக்கு ஒரே அறிவிப்பாக வாங்கிக்கொள்ளலாம். பிறப்பிடத்தில் சந்தேகம் இருந்தால் கனடா எல்லைச் சேவை முகமையிடம் முன்கூட்டியே எழுத்து மூலம் தீர்ப்புக் கேட்கலாம். அவர்கள் தரும் பதில் அவர்களையே கட்டுப்படுத்தும்.

2024 அக்டோபர் முதல் இறக்குமதியாளர் ஒவ்வொருவரும் கார்ம் என்ற அந்த முகமையின் இணைய வாசலில் தன் பெயரில் கணக்குத் திறக்க வேண்டும். வரி கட்டுவதற்கு முன்பே சரக்கை எடுக்க வேண்டுமானால் புரோக்கரின் உத்தரவாதம் இனிப் போதாது, உங்கள் சொந்த நிதி உத்தரவாதம் வேண்டும். முதல் கன்டெய்னர் மான்ட்ரியால் துறைமுகத்தில் நிற்கும்போது இதைத் தெரிந்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஏறும். சரக்கு கப்பலேறுவதற்கு ஒரு மாதம் முன்பே கணக்கைத் திறந்துவிடுங்கள்.